ஒப்போர் தரும் பரிசு

நுழையும்முன்

பரிசு என்றதும் கடையும் விலையும் நினைவுக்கு வரும் காலம் இது. ஆயினும், தம் கையால் ஒரு பொருளைச் செய்து, அதே கலையில் ஈடுபாடுடைய மற்றொருவருக்குத் தந்து, அவர் கையால் செய்ததைப் பெற்று மகிழ்வோர் இன்றும் உள்ளனர். பழைய பாணியில் அமைந்த கைவினைப் பொருள்களை இவ்வாறு மாற்றிக்கொள்வது வெறும் பொழுதுபோக்கா? அல்லது, உழைப்பின் மதிப்பை உணர்த்தும் கல்வியா? இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கருத்துக் கட்டுரை.

இரண்டு கூடைகள்

இரண்டு பெண்களை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் காரைக்குடியில் வாழும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். மற்றொருவர் திருநெல்வேலியில் பயிலும் கல்லூரி மாணவி. இருவரையும் இணைப்பது உறவுமன்று, ஊருமன்று, ஒயர்க்கூடைதான். சென்ற தலைமுறையில் பள்ளிக்குச் சோற்றுப் பாத்திரத்தையும் சந்தைக்குக் காய்கறியையும் சுமந்து சென்ற அந்தக் கூடையைப் பழைய முடிச்சுகளாலேயே பின்னுவதில் இருவருக்கும் ஆர்வம். பொங்கலையொட்டி ஆசிரியர் ஒரு கூடையைப் பின்னி அனுப்புகிறார். மாணவியும் தான் பின்னிய கூடையொன்றை அவருக்கு அனுப்பிவைக்கிறாள்.

கூடையைப் பெற்ற மாணவி, அழகாக இருக்கிறது என்று சொல்லி அதை ஓரிடத்தில் வைத்துவிடுவதில்லை. கவிழ்த்து அடிப்பகுதியைப் பார்க்கிறாள், வரிசைகளை எண்ணுகிறாள், முடிச்சுகளை விரலால் தடவிப் பார்க்கிறாள். பிறகு தொலைபேசியில் கேட்கிறாள்: “எட்டாவது வரிசையில் ஒயர் மாற்றியிருக்கிறீர்கள் அல்லவா, டீச்சர்? சேர்த்த இடமே தெரியவில்லையே! எனக்கு அந்த இடத்தில்தான் முனை துருத்திக்கொண்டு நிற்கிறது.”

“அதைக் கண்டுபிடித்துவிட்டாயா, அம்மா? பழைய ஒயரின் முனையையும் புதிய ஒயரின் முனையையும் உட்பக்கமாகச் சில முடிச்சுகளுக்குள் செருகி இழுத்துவிடு. வெளியே தெரியாது” என்கிறார் ஆசிரியர்.

விலைகொடுத்து வாங்கிய கூடையாயின் இவ்வுரையாடல் நிகழ்ந்திராது. கூடை பின்ன அறியாத ஒருவருக்கு அதைத் தந்திருந்தாலும் நிகழ்ந்திராது. செய்யத் தெரிந்த ஒருவர் செய்த பொருள், செய்யத் தெரிந்த மற்றொருவர் கைக்குச் செல்லும்போதுதான் அதற்குள் மறைந்திருக்கும் உழைப்பு முழுமையாகப் புலப்படுகிறது. ஒரே கலையில் ஈடுபட்டோர் தம் கைவினைப் பொருள்களைப் பரிசாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் போற்றப்பட வேண்டும் என்பதற்கு முதன்மையான காரணம் இதுவே. பிறர் உழைப்பை அறியும் கண்ணை அவ்வழக்கம் தருகிறது. அத்தகைய கண் இல்லாத சமூகத்தில் கைவினையும் நிலைக்காது. கைவினைஞர் வாழ்வும் நிலைக்காது.

‘தா’ என்னும் சொல்

ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்கும்போது வழங்கும் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் வேறுபடுத்திக் காட்டுகிறார். கேட்பவர் தாழ்ந்தவராயின் ‘ஈ’ என்பார். ஒத்தவராயின் ‘தா’ என்பார். உயர்ந்தவராயின் ‘கொடு’ என்பார். ஒரு பொருள் கைமாறும் செயல் ஒன்றே ஆயினும், கைமாற்றிக்கொள்ளும் இருவருக்கு இடையிலுள்ள உறவுக்கேற்பச் சொல் மாறுகிறது.

தமிழ் இலக்கியம் பெரிதும் போற்றிய கொடைகள் ஒப்பில்லாதார்க்கு இடையே நிகழ்ந்தவை. புரவலர் பரிசில் வழங்கினார், புலவர் பெற்றார். வறியவர்க்கு வழங்குவதை ஈகை என்று அறநூல்கள் சிறப்பித்தன. அவற்றின் பெருமை குறைந்ததன்று. எனினும், ‘தா’ என்னும் சொல் குறிக்கும் ஒப்போர் உறவுக்கும் தனிச் சிறப்பு உண்டு. அங்கே தருபவர்க்குச் செருக்கு எழ இடமில்லை. பெறுபவர் கூசி நிற்கவும் தேவையில்லை. இன்று தந்தவர் நாளை பெறுவார். இன்று பெற்றவர் நாளை தருவார்.

இவ்வொப்புமை கைவினைக்கு ஒரு நன்மையைத் தருகிறது. குறையைக் குறையென்று சொல்ல அது இடமளிக்கிறது. உறவினர் ஒருவர் தம் கையால் பின்னித் தந்த பொருளின் குறையைச் சுட்டிக்காட்ட எவருக்கும் மனம் வராது. விலைகொடுத்து வாங்கியவரோ குறை கண்டால் பொருளைத் திருப்பித் தந்துவிடுவார்; எப்படித் திருத்துவதென்று சொல்ல மாட்டார். அதே கலையைப் பயிலும் தோழமையுள்ளம் மட்டுமே, கைப்பிடி சற்றுத் தளர்ந்திருக்கிறது என்று அன்போடு சொல்லும். எவ்வாறு இறுக்குவது என்றும் கூடவே சொல்லும்.

கைவினை நூல்களைப் படிப்பதனால் மட்டும் வருவதில்லை. நெல்லிக்காய் முடிச்சையோ சிவன் கண் முடிச்சையோ சொற்களால் விளக்கினால் கற்பவர் குழம்பிப்போவார். முடிந்து முற்றுப்பெற்ற கூடை ஒன்று கையில் இருந்தால், ஒயர் எங்கே மேலேறி எங்கே உட்புகுந்து எங்கே வெளிவருகிறது என்பதைக் கண்ணாலும் விரலாலும் பின்தொடர்ந்து கற்கலாம். ஆதலால், கைவினைஞர் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் பரிசு ஒரு பாடமாகவும் அமைகிறது.

செட்டிநாட்டுக் கொட்டான் இதற்கு நல்ல சான்றாகும். பனையோலையைச் சன்னமாகக் கிழித்து, சாயமேற்றி, முடைந்து செய்யப்படும் இச்சிறு கூடை திருமணங்களிலும் விழாக்களிலும் சீர்ப்பொருள்களை வைத்து வழங்கப் பயன்பட்டது. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் பரவியபின் அதன் பயன்பாடு அருகியது. முடையத் தெரிந்த கைகளும் குறைந்தன. கலையை அறிந்திருந்த முதியோரிடமிருந்து இளம்பெண்கள் கற்றுக்கொண்டதனால்தான் கொட்டான் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. பழைய கொட்டான்கள் மட்டும் எஞ்சி, அவற்றை முடைந்த கைகள் எஞ்சாமற்போயிருப்பின் இம்மீட்சி அரிதாகியிருக்கும்.

கையின் இடத்தில் அச்சு

கையால் செய்யும் பரிசு எப்போது அரிதாயிற்று என்பதை எண்ணும்போது இலண்டனில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரும். 1843ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்னும் அரசு அலுவலர், கிறிஸ்துமஸ் பருவத்தில் நண்பர்கள் பலருக்கும் தனித்தனியே மடல் எழுத நேரமின்றித் திகைத்தார். ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து, ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சிட்டார். பெறுபவர் பெயரையும் அனுப்புபவர் பெயரையும் எழுதுவதற்கு மட்டும் அதில் இடம் விடப்பட்டிருந்தது. வணிக நோக்கில் வெளிவந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையென அது கருதப்படுகிறது.

நேரத்தை மிச்சப்படுத்தவே அவ்வட்டை தோன்றியது. அதில் தவறேதும் இல்லை. அச்சு அட்டைகள் வாயிலாகக் கோடிக்கணக்கான வாழ்த்துகள் உலகெங்கும் சென்றன. தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் அஞ்சற்காரரின் பையை நிறைத்த காலம் ஒன்று இருந்தது. கடையில் வாங்க இயலாத சிறுவர்கள், கரும்பையும் பானையையும் கதிரவனையும் தாமே வரைந்து வண்ணந்தீட்டி நண்பர்க்கு அனுப்பினர். பின்னர், கைப்பேசி வந்தது, அட்டையும் மறைந்தது. இன்று ஒரே வாழ்த்துப்படம் ஒரு நொடியில் நூறு பேருக்குச் செல்கிறது.

ஒவ்வொரு படிநிலையிலும் வாழ்த்து விரைவுபெற்றது, எளிதாயிற்று, அனுப்புபவரின் நேரம் அதில் குறைந்துகொண்டே வந்தது. நூறு பேருக்கு ஒருசேரச் சென்ற படத்தைப் பெற்றவர், அது தமக்கெனச் சிறப்பாக அனுப்பப்பட்டது என்று கருதுவதில்லை. கையால் செய்த பரிசோ, அதைச் செய்தவர் வாழ்நாளின் ஒரு பகுதியைத் தன்னுள் கொண்டிருக்கிறது. பல மாலைப்பொழுதுகள் ஒருவரை மனத்தில் எண்ணியபடியே பின்னிய கூடையை, மற்றொருவருக்காகவும் பின்னியதாகச் சொல்லிவிட முடியாது.

பழைய பாணி பொய்யாகுமா?

இவ்வழக்கத்தை ஏற்காதோர் எழுப்பும் வினாக்களும் உள்ளன. புதிதாகச் செய்த பொருளைப் பழையதுபோலத் தோன்றச் செய்வது போலித்தனமாகாதா என்பது அவற்றுள் ஒன்று.

கையால் குறிப்பேடு கட்டுவோர் சிலர், வெள்ளைத் தாளைத் தேநீர் வடிநீரில் தோய்த்து உலர்த்துகின்றனர். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின் தாளில் ஏறி, அதற்குப் பழுப்பு நிறத்தைத் தருகிறது. மரக்கூழால் ஆகிய தாள், காற்றும் ஒளியும் பட்டுப் பல்லாண்டுகளில் பெறும் நிறத்தை இத்தாள் ஒரே நாளில் பெற்றுவிடுகிறது. பாட்டியின் கிழிந்த பட்டுப்புடவையிலிருந்து வெட்டிய சரிகைக் கரை அக்குறிப்பேட்டுக்கு அட்டையாகிறது. பழைய சட்டைப் பொத்தான் அதன் மூடியாகிறது.

இதனைப் பழம்பொருள் என்று சொல்லி ஒருவர் விற்பாராயின் அது மோசடியே. வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார், உண்மையான பழம்பொருளின் நம்பகத்தன்மையும் குலைகிறது. ஆனால், ஒரே கலையில் ஈடுபட்டோர் தமக்குள் மாற்றிக்கொள்ளும்போது அங்கே ஏமாற்றப்படுவோர் எவருமில்லை. தாளின் பழுப்பு எவ்வாறு வந்தது என்பது இருவருக்கும் தெரியும். அவர்கள் போற்றுவது பொருளின் வயதை அன்று. அதனைச் செய்யும் முறையை. இராகம் பழையதாயினும் பாடும் குரல் புதியது. அதுபோலவே முடிச்சு பழையதாயினும் கூடை புதியது.

ஆயினும், இங்கு ஒரு நெறி தேவை. செய்தவர் பெயரையும் செய்த ஆண்டையும் பொருளின் அடியிலோ உட்பக்கத்திலோ பொறித்தல் வேண்டும். இன்று நண்பர் கையிலிருக்கும் பொருள் ஐம்பதாண்டுகள் கழித்து யார் கைக்குச் செல்லும் என்பதை யாரும் அறியார். அப்போது அது பொய்ச்சான்று ஆகாதிருக்க இச்சிறு பொறிப்பே காப்பாகும்.

பரிசும் கடனும்

பரிமாற்றம் என்று வந்துவிட்டால் அங்கே கணக்கும் வந்துவிடும். அன்பு கடனாக மாறிவிடும் என்பது மற்றொரு தடை. இதில் உண்மையில்லாமல் இல்லை. ஒருவர் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த பொருளுக்கு ஈடாக மற்றொருவர் அரைமணி நேரத்தில் செய்ததை அனுப்பினால் மனம் சற்று வாடத்தான் செய்யும்.

பரிசு கடனை உண்டாக்குகிறது என்பதை அறிஞர்களும் கண்டனர். பசிபிக் பெருங்கடலில், நியூகினிக்குக் கிழக்கே அமைந்த டிரோபிரியாண்டு தீவுகளில் தங்கி ஆய்வுசெய்த மலினோவ்ஸ்கி, அங்கு வழங்கிய ‘குலா’ என்னும் பரிமாற்ற முறையை 1922இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு கடிகாரச் சுற்றிலும், வெண்சங்குக் கைவளைகள் அதற்கு எதிர்ச்சுற்றிலும் கைமாறிச் சென்றன. ஒன்றைப் பெற்றவர் அதற்கு ஈடான மற்றொன்றைப் பின்னர் தருவார். பெற்றதை எவரும் தம்மிடமே நிலையாக வைத்துக்கொள்வதில்லை. அப்பொருள்களுக்காக மக்கள் கடல் கடந்து பயணம் செய்தனர். தீவுகளுக்கிடையே நட்பு நீடித்தது.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த கட்டுரையில் இத்தகைய வழக்கங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். தருதல், பெறுதல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் மனிதரைப் பிணைக்கும் கடமைகள் என்று அவர் காட்டினார். வணிகத்தில் விலையைக் கொடுத்தவுடன் உறவு முடிந்துவிடுகிறது. பரிசிலோ திருப்பித் தரும் நாள்வரை உறவு நீள்கிறது; திருப்பித் தந்தபின் மீண்டும் தொடங்குகிறது. ஆதலால், பரிசு உண்டாக்கும் கடன் தவிர்க்கத்தக்க குறையாகாது. அதுவே இருவரையும் சேர்த்துக்கட்டும் கயிறு.

அக்கயிறு கழுத்தை நெரிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். விலையை ஒப்பிடாமை, காலக்கெடு விதிக்காமை, புதிதாகக் கற்பவரின் எளிய படைப்பையும் மதித்தல் ஆகிய மூன்றும் இருந்தால் கணக்கு தலைதூக்காது. தொடக்க நிலையில் இருப்பவரின் கோணலான முதற்கூடை, தேர்ந்தவரின் நூறாவது கூடையைவிட மிகுதியான முயற்சியைத் தன்னுள் கொண்டிருக்கக்கூடும். தாமும் ஒருநாள் கோணலாகப் பின்னியவர் என்பதனால் தேர்ந்தவர் அதை அறிவார்.

கைவினைஞர் கேட்கும் கேள்வி

எல்லாவற்றினும் கடினமான கேள்வி, கைவினையே வாழ்வாகக் கொண்டவரிடமிருந்து வருகிறது. வருவாய்க்கு வேறு தொழில் வைத்துக்கொண்டு, ஓய்வுநேரத்தில் செய்வோர் தமக்குள் இலவசமாகப் பொருள்களை மாற்றிக்கொண்டால், விற்றுப் பிழைக்கும் கைவினைஞரிடம் வாங்குவோர் யார்? ஆர்வலர்க்கு இன்பமான பொழுதுபோக்கு அவருக்கு அடுப்பெரியும் வழி. இக்கேள்வியை ஒதுக்கித் தள்ள இயலாது.

தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில் கோரைப் புல்லை உலர்த்தி, நுண்ணிய இழைகளாகக் கீறி, நீரில் ஊறவைத்துப் பாய் நெய்கின்றனர். மிக நுண்ணிய பாய் துணிபோல மடியும். மணமக்களின் பெயர்களைச் சேர்த்து நெய்த திருமணப் பாய்களும் அங்குச் செய்யப்படுகின்றன. நீலகிரியில் தோடர் இனப் பெண்கள், வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்கின்றனர். துணியில் முன்கூட்டிக் கோலம் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணியெண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். இத்தகைய பொருள்களைக் காண்போர் பலர் முதலில் கேட்பது, “இவ்வளவு விலையா?” என்பதுதான். இயந்திரத்தில் அச்சிட்ட போலி மலிவாகக் கிடைக்கும்போது, இழை எண்ணித் தைத்ததன் விலை அவர்களுக்கு மிகுதியாகத் தோன்றுகிறது.

அவ்விலை மிகுதியன்று என்பதை யார் அறிவார்? ஊசியைப் பிடித்து, இழையை எண்ணி, ஓரிழை பிசகியதனால் ஒரு மாலை முழுவதும் தைத்ததைப் பிரித்துப் போட்டவர் அறிவார். ஒரு கூடைக்கு எத்தனை முடிச்சு என்பதைத் தம் விரல் நோவால் உணர்ந்தவர், சாலையோரத்தில் கூடை விற்கும் பெண்ணிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேச நாணுவார். பேரம் பேசுபவர் பொருளை மட்டும் பார்க்கிறார். செய்யத் தெரிந்தவர் பொருளுக்குள் மணிக்கணக்கைப் பார்க்கிறார். கைவினைஞருக்கு இன்று பெரிதும் தேவைப்படுவது இரக்கமன்று. தம் வேலையை அறிந்து வாங்குவோர். அத்தகையோரை உருவாக்கும் பயிற்சிக்களமாக ஆர்வலரின் பரிமாற்றம் அமைய முடியும்.

முடியும் என்பது தானாகவே நிகழும் என்று பொருள்படாது. ஆர்வலர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, கற்ற இடத்தை மறவாமை. தோடர் பூவேலைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி வழங்கப்படும் அக்குறியீடு, ஒரு வட்டார மக்களின் மரபுக்கலைப் பெயரைப் பிறர் பயன்படுத்தி வணிகம் செய்வதைத் தடுக்கிறது. கற்கும் ஆர்வத்தால் அப்பூவேலையைப் பயின்று தோழிக்குத் தருவது வேறு. அப்பெயரால் விற்பது வேறு. மற்றொன்று, தாம் தரும் ஒவ்வொரு பரிசுக்கும் பின்னால் இருக்கும் கைவினைஞரை நாடிச் செல்லுதல். ஓலை, நார், நூல், சாயம் ஆகியவற்றை இயன்றவரை அவர்களிடமே வாங்கலாம். தம் திறனுக்கு எட்டாததை அவர்களிடம் உரிய விலைக்கு வாங்கிப் பரிசளிக்கலாம். இவ்விரு கடமைகளையும் ஏற்காத ஆர்வம், கலையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே கலைஞரைக் கைவிடும்.

அறியும் கண்

ஒரு கைவினை அழிவது அதைச் செய்யும் கடைசிக் கை ஓயும்போது மட்டுமன்று. செய்ததைப் பார்த்து, இது எவ்வாறு செய்யப்பட்டது என்று அறியும் கண்கள் குறையத் தொடங்கும்போதே அழிவு தொடங்கிவிடுகிறது. அக்கண்கள் குறைந்த ஊரில், நன்றாகச் செய்தவருக்கும் ஏனோதானோவென்று செய்தவருக்கும் ஒரே விலையே கிடைக்கும். பிறகு, நன்றாகச் செய்ய வேண்டிய தேவை யாருக்கும் இராது.

எனவே, பதினாறு பதினேழு வயதில் இருப்போர் ஒரு கைவினையையேனும் கற்றுக்கொள்வது நல்லது. கற்றதைத் தம்மோடு கற்கும் ஒருவருக்குச் செய்து தந்து, அவர் செய்ததைக் கேட்டுப் பெறுவது அதனினும் நல்லது. அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு கட்டு ஒயர், ஓர் ஊசி, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய புடவைக் கரை ஆகியவற்றுள் ஒன்று போதும். தேவைப்படுவது நேரமும் பொறுமையும், குறை சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனமுமே.

மாணவியின் கூடை காரைக்குடிக்குச் சென்று சேர்ந்ததும் ஆசிரியர் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். ஒயர் மாற்றிய இடத்தில் முனை துருத்திக்கொண்டிருக்கும். அவர் அதைத் திருத்திவிடலாம், ஆனால், திருத்தமாட்டார். அடுத்த ஆண்டு வரும் கூடையில் அந்த இடத்தைத் தேடிப்பார்த்துக் காணாமல் மகிழ்வதற்காக அதை அப்படியே வைத்திருப்பார்.